காணா நீரின் கணக்கு

சில ஆண்டுகளுக்கு முன், ஜூன் மாத இறுதியில், தில்லியிலிருந்து அமிர்தசரசுக்கு ரயிலில் சென்றேன். லூதியானாவை நெருங்கும்போது சன்னலுக்கு வெளியே, அனல் வீசும் வெயிலில், கண்ணுக்கெட்டிய தூரம் வரை நீர் நிறைந்த வயல்கள். குனிந்து நாற்று நடும் மக்கள். தஞ்சை மண்ணில் பிறந்தவன் இதைக் கண்டு மகிழாதிருக்க இயலுமா? எதிரே அமர்ந்திருந்த முதிய சீக்கிய உழவரிடம் என் மகிழ்ச்சியைக் கூறினேன். அவர் முகம் மலரவில்லை. "பாபுஜி, இது ஆற்று நீர் அன்று, பாதாளத்து நீர். என் தந்தையார் இருபதடியில் கண்டதை நான் மூன்று முறை குழாய் இறக்கித் தேடிவிட்டேன்" என்றார்.

சட்லெஜும் பியாசும் பாயும் அந்நிலத்தில் முன்னாளில் கோதுமை, மக்காச்சோளம், கடலை, பருத்தி ஆகியவையே மிகுதி, நெல் சிறிதே. பசுமைப் புரட்சிக்குப் பின், நாட்டின் பசி தீர்க்க அரசு நெல்லை உறுதியான விலைக்கு வாங்கியது. 1997 முதல் அங்கு உழவுக்கு மின்சாரமும் இலவசமாயிற்று. விளைவை அளந்தும் பார்த்துவிட்டனர். புவியீர்ப்பின் நுண்ணிய மாற்றங்களைக் கொண்டு நிலத்தடி நீரின் எடைக் குறைவையே கணிக்கும் இரட்டைச் செயற்கைக் கோள்களின் உதவியால், இராஜஸ்தான், பஞ்சாப், அரியானாப் பகுதிகள் 2002 முதல் 2008 வரை சுமார் 109 கன கிலோமீட்டர் நீரை இழந்தன என்று 2009இல் ஆய்வாளர்கள் அறிவித்தனர். 2023ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, பஞ்சாபில் ஆண்டுதோறும் எடுக்கத்தக்க நீர் நூறு பங்கு என்றால், எடுக்கப்படுவது நூற்றறுபதுக்கும் மேல். வள்ளுவர் கடவுள் வாழ்த்துக்கு அடுத்த இடத்தை மழைக்கு அளித்தார். நிலத்தடியில் இருப்பதும் மழையே. பல தலைமுறைகளின் மழை. அதை ஒரு தலைமுறை இறைத்துக்கொள்ளலாமா?

சட்டத்தைக் கேட்டால், இறைக்கலாம் என்கிறது. 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம், தன் நிலத்தடி நீரைத் திரட்டிப் பயன்படுத்தும் உரிமையை நிலத்துக்குரியவனுக்கே அளிக்கிறது. வரப்பு மேலேதான் உண்டு, கீழே இல்லை என்பதை அச்சட்டத்தை எழுதியவர்கள் எண்ணினார்களோ, இல்லையோ!

2009இல் பஞ்சாப் அரசு ஒரு நல்ல சட்டம் செய்தது. மே மாத வெயிலில் வயலில் நிறுத்திய நீர் வீணே ஆவியாகிறது. நடவைப் பருவமழைக்கு அருகே தள்ளினால் நீர் மிஞ்சும். ஆகவே ஜூன் 10க்கு முன் நாற்று நடலாகாது என்று விதித்தனர். அறிவியலுக்கு இசைந்த ஆணைதான். ஆனால் நடவு தள்ளியதால் அறுவடையும் தள்ளிற்று. கோதுமை விதைக்க எஞ்சிய காலம் இரண்டு மூன்று வாரமே. அறுவடை இயந்திரம் விட்டுச்சென்ற தாளை அகற்ற நேரமும் பொருளும் இல்லாத உழவர் தீ வைக்கிறார். காற்று அசைவற்று நிற்கும் நவம்பரில் அப்புகை தில்லிக்கும் வருகிறது. நகரின் வண்டிப் புகையும் அதனோடு சேர, என் இளைய மகள் இரவெல்லாம் இருமுகிறாள்.

இங்கே பாவி யார்? உழவர் விலை கிடைப்பதைப் பயிரிட்டார், சட்டத்துக்கும் கீழ்ப்படிந்தார். அறிஞர் சொன்னது பிழையன்று. அரசின் நோக்கமும் தீதன்று. பஞ்சாபியரின் அன்றாட உணவு ரொட்டி. அவர்கள் விளைவிக்கும் நெல்லில் பெரும்பகுதி மத்தியத் தொகுப்பின் வழியே பிற மாநிலத்தார் இலைக்குப் போகிறது. அவ்வாறாயின், உண்ட நானும் குற்றமற்றவனா?

"பலர் சேர்ந்து செய்த தவறு யாருடையதும் அன்று" என்பது எங்கள் அலுவலகங்களில் செல்லுபடியாகும் ஆறுதல். இருபது ஆண்டுகளாகக் கோப்பு எழுதும் எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு கோப்பில் ஐவர் கையொப்பமிட்டால் பொறுப்பு ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்குவதில்லை. ஒவ்வொருவருக்கும் அது முழுமையாகவே இருக்கிறது. கடன் பங்கிடப்படும், அறம் பங்கிடப்படுவதில்லை. அறியாமல் செய்த காலத்தில் மன்னிப்புக்கேனும் இடமிருந்தது. அளந்து எண்ணையும் எழுதிவைத்த பின் அந்த இடம் ஏது? இந்தக் கோப்பிலோ, இழப்பை அடையப்போகிறவர்கள் இன்னும் பிறக்கவே இல்லை. மறுப்புக் குறிப்பு எழுத அவர்களால் ஆகாது.

ரயில் ஜலந்தரை அடையும்போது பெரியவர் பையை எடுத்துக்கொண்டே கேட்டார்: "நெல்லை நாளையே விட்டுவிடுகிறேன். மக்காச்சோளமும் பருப்பும் போட்டால், நெல்லை வாங்குவதுபோல் கடைசி மூட்டை வரை வாங்குவீர்களா?" நான் விலை நிர்ணயிக்கும் அதிகாரி அல்லன், வெறும் எழுத்தன் என்று சொல்ல நாவெழுந்தது. அதற்குள் அவர் இறங்கிவிட்டார்.