தோட்டத்தைத் தாண்டிய செடி

அயர்லாந்தின் தென்மேற்கே கெர்ரி மாவட்டத்தில், கில்லார்னி ஏரிக்கரையில் நிற்கிறது மக்ரோஸ் மாளிகை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜூன் மாதத்தில் அதைக் காணும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. தோட்டத்திலிருந்து கானகத்துக்குள் செல்லும் பாதையில், ஆளுயரத்திற்கும் மேலாக வளர்ந்து ஊதா நிறத்தில் பூத்துக் குலுங்கிய புதர்களைக் கண்டு மெய்ம்மறந்து நின்றோம். படமும் எடுத்துக்கொண்டோம். உடன் வந்த அயர்லாந்துக் குரு மெல்லச் சிரித்தார். இந்தக் காட்டைக் கொன்றுகொண்டிருப்பது அந்தச் செடிதான் என்றார்.

மாளிகையின் கதை சுருக்கமானது. ஹெர்பர்ட் குடும்பத்தார் 1843-இல் கட்டி முடித்தனர். 1861-இல் விக்டோரியா அரசியார் வந்து தங்கினார். பின்னர்க் குடும்பம் நொடித்தது. 1899-இல் மாளிகை கைமாறியது. 1911-இல் கலிபோர்னியச் செல்வரான வில்லியம் போர்ன் அதை வாங்கித் தம் மகள் மாடுக்குத் திருமணப் பரிசாக அளித்தார். மகள் 1929-இல் இறந்தார். அவர் நினைவாகப் பெற்றோரும் கணவரும் 1932-இல் மாளிகையையும் 10,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தையும் அயர்லாந்து மக்களுக்கே கொடுத்துவிட்டனர். அந்நாட்டின் முதல் தேசியப் பூங்கா அவ்வாறு பிறந்தது. (அருகே 1448-இல் நிறுவப்பட்ட பிரான்சிஸ்கன் மடத்தின் இடிபாடும், அதன் நடுமுற்றத்தில் முதிய யூ மரமும் உள்ளன. அவை தனிக் கட்டுரைக்கு உரியவை.)

அந்தச் செடியின் பெயர் ரோடோடென்ட்ரான். ஸ்பெயின், கருங்கடல் பகுதிகளைச் சேர்ந்தது. 19-ஆம் நூற்றாண்டுப் பெருநிலக்கிழார்கள் அழகுக்காகத் தம் தோட்டங்களில் அதை வளர்த்தனர். தூசி போன்ற அதன் விதைகள் காற்றில் பறந்து காட்டில் விழுந்தன. என்றும் உதிராத அடர்ந்த இலைகளின் நிழலில் வேறொன்றும் முளைப்பதில்லை. பழைய கருவாலி மரங்கள் நிற்கின்றன. அவற்றின் கன்றுகளைத்தான் காணோம். வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்கிறது. வெட்டிய இடத்திற்கே ஆண்டுகள் கழித்துத் திரும்பிவர வேண்டியிருக்கிறது.

இதில் குற்றவாளி யார்? சாவான பாவத்திற்குக் கனமான பொருள், முழு அறிவு, முழுச் சம்மதம் ஆகிய மூன்றும் வேண்டும் என்று குருமடத்தில் கற்றோம். நட்டவர்களுக்கு அந்த அறிவு இல்லை. எனவே பாவமில்லை என்று கூறி நாம் பெரும்பாலும் கோப்பை மூடிவிடுகிறோம். ஆனால் அதே பாடத்தில் இன்னொன்றும் இருந்தது. பிறர் பொருளைத் தனதென்று நல்லெண்ணத்தோடு நம்பி வைத்திருப்பவன் குற்றமற்றவன். எனினும் உண்மை தெரிந்த நாளிலிருந்து அதைத் திருப்பிக் கொடுக்கக் கடமைப்பட்டவன். குற்றம் வேறு, கடன் வேறு. தேர்வுக்காக மனப்பாடம் செய்த இவ்வேறுபாட்டின் கனம் அந்தப் பாதையில்தான் நமக்கு விளங்கிற்று.

ஒப்புமை முற்றும் பொருந்தாதுதான். திருப்பிப் பெற இங்கே உரிமையாளர் எவரும் இல்லை; பிறக்க வேண்டிய மரங்களே உள்ளன. ஆயினும் கொடையாகப் பெற்ற மக்கள் ஏரியை மட்டும் பெறவில்லை, செடியையும் சேர்த்தே பெற்றனர். தாம் நடாததைத் தொண்டர்கள் பலர் விடுமுறையில் வந்து வேரோடு களைகின்றனர். பாட்டன் சேர்த்த நிலத்தை ஏற்று, பாட்டன் பட்ட கடனை மறுக்கும் வாரிசுகளை நம் பங்குகளில் கண்டிருக்கிறோம். அவர்களிடம் இதைச் சொல்ல நமக்குத் துணிவு வந்ததில்லை.

அன்று எடுத்த பூவின் படம் நம் மேசைமீது இருக்கிறது. இன்றும் அது அழகாகவே தோன்றுகிறது. அகற்ற மனம் வரவில்லை.