ஊழியரின் கையும் கருத்தும்

கடைக்கு ஆள் வேண்டுமானால் ஊருக்குக் கடிதம் போடுவது நம் முன்னோர் வழக்கம். மச்சான் மகன் வருவான். இல்லையேல் அடுத்த தெருப் பிள்ளை ஒருவன் வருவான். மூட்டை தூக்குவதில் தொடங்கித் தராசில் நின்று, கடைசியில் கல்லாவில் அமர்வான். இதைக் குறை சொல்ல நமக்கு நா எழவில்லை. பத்திரம் எழுதிக் கொள்ளாத காலத்தில் உறவே ஜாமீனாக இருந்தது. கோல சிலாங்கூரிலும் அதனை அடுத்த தோட்டப்புறங்களிலும் சம்பள நாள் வரையில் கடனுக்குச் சரக்குக் கொடுத்த கடைகள் அந்த நம்பிக்கையின் மேல்தான் நின்றன.

இன்று நம் கடைகளிலும் உணவகங்களிலும் பங்களாதேஷ், இந்தோனேசியா முதலிய நாடுகளின் மக்களும் வேலை செய்கின்றனர். ஆகவே ஒரு கேள்வி எழுகிறது: பல நாட்டு ஆட்களைச் சேர்த்துவிட்டால் மட்டும் தொழில் வளர்ந்துவிடுமா? அவர்களுக்கு நாம் கடன்பட்டிருப்பது கூலி ஒன்றுதானா?

விடை தேடித் தொலைதூரம் போக வேண்டியதில்லை. பெஸ்தாரி ஜெயா என்று 2007-ல் பெயர் மாறிய பத்தாங் பெர்ஜுந்தையில் தென்னமாரம் தோட்டம் இருக்கிறது. பெயரிலேயே நம் தென்னைமரம் நிற்கிறது. ஆனால் அது புகழ் பெற்றது வேறொரு மரத்தால். இந்நாட்டில் வியாபாரத்துக்காகச் செம்பனை முதன்முதலில் நடப்பட்டது அங்கேதான், ஆண்டு 1917. நட்டவர் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். விதை சுமத்ராவிலிருந்து வந்தது. செம்பனையின் தாயகமோ மேற்கு ஆப்பிரிக்கா. தோட்டங்களில் உழைத்த கைகளில் பெரும்பாலானவை தமிழர் கைகள். பல நாடுகள் கூடித்தான் அந்தத் தொழில் பிறந்தது.

எனினும் ஒரு குறை நெடுங்காலம் தீரவில்லை. மரத்தில் காய் சரியாகப் பிடிக்காததால், தொழிலாளர் பூவுக்குப் பூ கையாலேயே மகரந்தம் தூவ வேண்டியிருந்தது. மகரந்தத்தைச் சுமப்பது காற்றுதான் என்று எல்லோரும் நம்பியிருந்தனர். கமரூனிலும் மலேசியாவிலும் வேலை பார்த்த லெஸ்லி டேவிட்சன் என்ற யூனிலீவர் அதிகாரிக்கு அதில் ஐயம் ஏற்பட்டது. அங்கே தானாகக் காய்க்கும் மரம் இங்கே ஏன் காய்க்கவில்லை? பாகிஸ்தானைச் சேர்ந்த ரஹ்மான் சையத் என்ற பூச்சியியல் அறிஞர் கமரூனுக்குச் சென்று ஆராய்ந்து, அந்த வேலையைச் செய்வது ஒரு சிறு வண்டு என்று காட்டினார். 1981-ல் அந்த வண்டு மலேசியாவில் விடப்பட்டது. கையால் தூவும் வேலை மறைந்தது.

இதில் நமக்குப் பாடம் உண்டு. இரண்டு ஊர்களைப் பார்த்த கண்ணுக்குத்தான் அந்தக் கேள்வி தோன்றியது. ஆனால் கேள்வி தோன்றினால் மட்டும் போதாது. அதைக் காது கொடுத்துக் கேட்பவர் வேண்டும். அவர் அதிகாரி, ஆகையால் கேட்டார்கள். அதே மரத்தடியில் நாள்தோறும் நின்ற கூலியாளுக்கு ஓர் ஐயம் தோன்றியிருந்தால் அவன் யாரிடம் சொல்லியிருப்பான்?

கேளாமையின் விலையையும் நாம் பார்த்தோம். சைம் டார்பி தோட்ட நிறுவனத்தில் கட்டாய உழைப்பின் அறிகுறிகள் இருப்பதாகக் கூறி, 2020 டிசம்பரில் அமெரிக்கச் சுங்க இலாகா அதன் செம்பனை எண்ணெயைத் தடுத்தது. வேலைக்கு வருவதற்காகத் தொழிலாளர் செலுத்திய கட்டணத்தை நிறுவனம் திருப்பிக் கொடுத்தது, முறைகளைத் திருத்தியது. அதன் பின்னரே 2023 பிப்ரவரியில் தடை நீங்கியது. பல நாட்டுத் தொழிலாளரை வைத்திருந்தும், அவர்கள் குறை கடல் கடந்து ஒலித்த பிறகுதான் பரிகாரம் வந்தது.

"அப்படியானால் உறவினரைக் கைவிடச் சொல்கிறீர்களா?" என்று சிலர் கேட்கலாம். இல்லை. உறவினருக்கு நம் வருமானத்தில் உரிமை உண்டு, அது கடமை. ஆனால் கல்லாவும் பொறுப்பும் அமானிதம். தகுதியுள்ளவனிடமே அதை ஒப்படைக்க வேண்டும். பத்தாண்டு உழைத்த அந்நியனை மூட்டையடியிலேயே நிறுத்திவிட்டு, நேற்று வந்த மருமகனைக் கல்லாவில் அமர்த்துவது உறவைப் பேணுவதாகாது, நீதியைத் தவறவிடுவதாகும்.

ஹிஜ்ரி 5-ல் மதீனாவைக் காக்க அகழி வெட்டலாம் என்று யோசனை சொன்னவர் பாரசீகத்திலிருந்து வந்த சல்மான் அவர்கள். அரபு நாடு அறியாத அந்த முறை ஏற்கப்பட்டது, நகரமும் தப்பியது.

ஆகவே முதலாளிமாரே! இன்றிரவு கடை அடைத்ததும் ஊழியரை ஐந்து நிமிடம் உட்காரச் சொல்லுங்கள். எந்தச் சரக்கைக் கேட்டு ஆட்கள் வெறுங்கையோடு திரும்புகிறார்கள், அவருக்கு என்ன குறை என்று கேளுங்கள். இரண்டாவது கடை திறக்க நினைப்பவர், முதற்கடையில் இதைச் செய்துவிட்டுப் புறப்படட்டும்.