இன்மையும் கொல்லும்

காரணம் விளங்காத மரணத்தைப் போல மனிதனைத் தத்துவ விசாரத்தில் கொண்டுபோய் நிறுத்துவது வேறொன்றும் இல்லை. காலையில் கூண்டைத் திறந்ததும் கொக்கரித்துக்கொண்டு கொல்லைக்கு ஓடிய கோழி மாலையில் தலை துவண்டு கிடக்க, மறுநாள் இன்னொன்றும் அதற்கடுத்த நாள் வேறொன்றும் அதே கதியை அடையும்போது, வீட்டார் வாயில் முதலில் எழும் கேள்வி ‘யார் செய்தது?’ என்பதே. அண்டை வீட்டாரின் கண்ணேறு என்பார் ஒருவர். அம்மனுக்கு நேர்ந்துவிட்ட சேவலைச் செலுத்தாமல் வைத்துக்கொண்ட குற்றம் என்பார் மற்றொருவர். சற்றுப் படித்தவர் கிருமி என்பார். இம்மூவரும் தம்முள் மாறுபட்டவர்களாகத் தோன்றினாலும், கேடு விளைந்தால் அதை விளைத்த பொருள் ஒன்று எங்கேனும் இருந்தே தீரவேண்டும் என்னும் நம்பிக்கையில் ஒன்றுபட்டவர்களே.

படித்தவர் வாக்குப் பலமுறை மெய்யாகியும் விடுகிறது. வெள்ளைக்கழிச்சல் புகுந்த கொல்லையில் வைரஸ் என்னும் நுண்பொருளே கொலைகாரன் என்பதில் ஐயமில்லை. ஆயினும் எல்லாச் சாவுக்கும் இப்படி ஒரு கொலைகாரனைக் காட்டிவிட முடியுமா? இல்லாத ஒன்று, தன் இல்லாமையாலேயே, உயிரைக் கொள்ளுமா? இக்கேள்விக்கு விடையாக ஜாவாத் தீவில் சில கோழிகள் மடிந்த வரலாறு நினைக்கத்தக்கது.

படேவியா நகரத்து இராணுவ ஆஸ்பத்திரியை ஒட்டியிருந்த ஆராய்ச்சிச் சாலையில், பெரிபெரி என்னும் நோய்க்கு உரிய கிருமியைத் தேடிக்கொண்டிருந்த கிறிஸ்தியான் எய்க்மன் என்ற டச்சு வைத்தியரின் கோழிகள் 1889-ஆம் ஆண்டில் திடீரென்று பெரிபெரியை ஒத்த நோயுற்றன. முதலில் நடை தள்ளாடும். ஏறி அமர்ந்த கோல் பிடிப்பின்றி நழுவும். பிறகு காலை மடக்கிக் குந்திய பறவை எழமாட்டாமல் பக்கவாட்டில் சாயும். கொண்டை நீலம் பாரிக்க, மூச்சு மெலிந்து முடியும். நோயுற்ற பறவைகளிலிருந்து எடுத்ததை மற்றவற்றின் உடலில் அவர் செலுத்திப் பார்த்தார். செலுத்தப்பெற்றவையும் வீழ்ந்தன, செலுத்தப்பெறாமல் தனியே அடைக்கப்பெற்றவையும் வீழ்ந்தன. பின்னர், வந்தது போலவே நோய் ஒரு நாள் தானே அகன்றது. விசாரித்ததில், செலவைக் குறைப்பதற்காக ஆஸ்பத்திரியில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைக் கோழிகளுக்கு இட்டுவந்தனர் என்பதும், புதிதாக வந்த சமையற்காரன் சிப்பாய்களின் சோற்றைச் சிப்பாயல்லாத கோழிகளுக்குக் கொடேன் என்று மறுத்துவிட்டான் என்பதும் தெரிந்தன. தீட்டிய அரிசி நின்று தீட்டாத அரிசி வந்ததும் பறவைகள் எழுந்து நடந்தன. சட்டம் பேசிய சமையற்காரன், தான் செய்தது இன்னதென்று அறியாமலே, உயிர் காத்தவன் ஆனான்.

இத்துணையும் கண்ட எய்க்மனே இதன் உட்பொருளை உடனே கண்டாரில்லை. சோற்றின் மாவுச்சத்தில் ஒரு நஞ்சு தோன்றுகிறதென்றும், தவிட்டிலுள்ள ஏதோ ஒன்று அந்நஞ்சை முறிக்கிறதென்றும் அவர் கருதினார். கோழிகளிடம் கண்டது மனிதரிடமும் உண்டோ என்று அறிய ஜாவாவின் 101 சிறைச்சாலைகளில் வோர்தர்மன் என்னும் அதிகாரி நடத்திய விசாரணை, தீட்டிய அரிசி உண்ட கைதிகளிடையே பெரிபெரி மலிந்தும் தீட்டாத அரிசி உண்டவர்களிடையே மிக அருகியும் இருந்ததைக் காட்டியது. நஞ்சென்று ஒன்று இல்லை, உயிருக்கு இன்றியமையாத ஏதோ ஒன்று உணவில் இல்லாது போனதே நோய் என்று 1901-இல் துணிந்து சொன்னவர் எய்க்மனுக்குப் பின் படேவியாவில் ஆராய்ச்சியைத் தொடர்ந்த கெரித் கிரைன்ஸ். அந்த ஏதோ ஒன்றை, நாம் இன்று தயாமின் என்று அழைப்பதை, அதே நகரத்தில் தவிட்டிலிருந்து 1926-இல் பிரித்தெடுத்தனர்.

நம் தார்க்கிகர்கள் இங்கே குறுக்கிட்டு ஒரு வினா எழுப்புவார்கள். ஆறு பதார்த்தங்களோடு அபாவத்தை ஏழாவதாகச் சேர்த்து, இன்மையையும் அறியப்படும் பொருளாக ஏற்றுக்கொண்டவர்கள் அவர்கள். ஆனால், எதன் இன்மையோ அதை முன்னரே அறிந்திருந்தாலன்றி அவ்வின்மையை அறிதல் கூடாது என்பது அவர்களுடைய நியமம். குடத்தை அறியாதவனுக்குக் குடமில்லாத தரை வெறும் தரையே. அப்படியாயின், தயாமினை ஒருவரும் கண்டிராத 1901-இல் அதன் இன்மை அறியப்பட்டது எவ்வாறு? தவிட்டை இட்டதும் கோழி எழுந்தது; நிறைந்தபோதுதான் முன்பு குறைந்திருந்தது புலப்பட்டது. அறியாத பொருளின் இன்மை, அப்பொருள் வந்து சேரும்போதே முதன்முதலாக அறியப்படுகிறது.

இந்த இடத்தில் சமயத்தின் பெரிய கேள்வி ஒன்று தானே வந்து சேர்கிறது. தீமை என்பது ஓர் உள்பொருளா, நன்மையின் இன்மையா? நன்மையின் குறைவே தீமை என்றார் கிறிஸ்தவ ஞானியாகிய அகஸ்தீன். சைவ சித்தாந்தியோ ஆணவ மலத்தை அறிவின் வெறும் இன்மையாகக் கொள்ளாமல், செம்பிற் களிம்புபோல அநாதியே உயிரைப் பற்றிய உள்பொருள் என்பான். வெறும் இன்மை ஒன்றைச் செய்யவல்லதன்று என்பது அவன் கருத்து. படேவியாவின் கோழிகள் அவனுக்கு ஒரு தடை எழுப்புகின்றன எனலாம். கல்லுக்குத் தவிடு இல்லாமை ஒரு கேடன்று, கோழிக்கோ அது சாவு. வேண்டிநிற்கும் ஓர் உயிரின் மேல் விழும்போதுதான் இன்மை வலிமை பெறுகிறது. இன்மையும் செயல் செய்யும் என்பது இதனால் போதரும். ஆயினும் சித்தாந்தத்தின் மற்றொரு கருத்தை அதே கோழிகள் உறுதிப்படுத்துகின்றன. இருள் பிற பொருள்களை மறைத்தாலும் தன்னையாவது காட்டும், ஆணவமோ தன்னையும் காட்டாது என்று உமாபதி சிவம் திருவருட்பயனில் பிரித்துக் காட்டுகிறார். அருள் பதியும் காலத்திலேதான் உயிர் தன் பழைய நிலையை உணர்கிறது. மலம் உள்பொருளோ இன்மையோ, இரு நெறியாரும் இசையத்தக்க உண்மை இது: நாம் ஒருநாளும் சுவைத்திராத நன்மை ஒன்று நம்மிடம் இல்லை என்பதை, அது கிடைக்கும்வரை நாம் அறியோம்.

இவ்வறியாமைக்குத் துணை செய்வது, குறைவைச் சிறப்பென்று கொள்ளும் நம் இயல்பு. தவிட்டை அழுக்கென்று நீக்கிய வெண்மையே உயர்வென்று எண்ணியதால் அன்றோ ஆலை அரிசி அவ்வளவு வெண்மையாயிற்று? அக்காலத்து மலாய் நாட்டில் சயாம் வெள்ளரிசி உண்ட சீனத் தொழிலாளர் பெரிபெரியால் மடிய, புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தொழிலாளர் பெரும்பாலும் தப்பினர். நெல்லை உமியோடு அவிக்கும்போது சத்து உள்ளே இறங்கிவிடுகிறது என்பதை அவித்தவர் யாரும் அறியார்; நாகரிகமற்றதென்று எண்ணத்தகும் வழக்கம் ஒன்று அவர்களைக் காத்தது. அதை அவர்களுடைய புண்ணியம் என்பதும், மடிந்தவர்களுடைய சாவைக் கர்மம் என்பதும் எளிது. ஆனால் அவ்வாறு சொல்லி அமைந்திருந்தால், கஞ்சித் தட்டில் தவிடு திரும்பியிராது.

ஆகவே கொல்லையில் கோழி சாயும்போது, கண்ணேறு கழிப்பதற்கும் கிருமியைத் தேடுவதற்கும் இடம் இருக்கட்டும். அவற்றோடு, இவ்வுயிருக்கு நாம் கொடுக்கத் தவறியது எது என்னும் கேள்வியும் கேட்கப்பட வேண்டும். முதல் வகைக் கேள்விக்கு வெளியே ஒரு பகைவன் அகப்பட்டால் போதும். இரண்டாவதற்கோ நம் கையையும் களத்தையும் நாமே சோதிக்க வேண்டியிருக்கிறது. மனிதர்கள் அதைக் கடைசியில் கேட்பதற்கும், பலர் கேளாமலே விடுவதற்கும் வேறு காரணம் தேட வேண்டுவதில்லை.