பத்திரம் பேசினால் போதுமா?

வற்புறுத்திக் கடன் வசூலிப்பதைத் தடுக்கும் சட்ட முன்வடிவைத் தமிழகச் சட்டமன்றம் 2025 ஏப்ரலில் நிறைவேற்றியது. கொடுத்த பணத்தைக் கேட்பதும் குற்றமா என்று சிலர் கேட்கிறார்கள். கேட்பது குற்றமல்ல. கடன்காரன் கையறு நிலையில் இருக்கும்போது, சட்டம் தன் பக்கம் என்பதற்காக அவன் பிழைப்பையே எடுத்துக்கொள்வது அறமாகாது.

தமிழருக்கு இதில் பர்மா பெரிய பாடம். 1852இல் கீழ்ப்பர்மா ஆங்கிலேயர் வசமான பின், நாட்டுக்கோட்டைச் செட்டியார் குடும்பங்கள் ஐராவதி ஆற்று வயல்களுக்குக் கடன் கொடுத்தன. 1930இன் உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை வீழ்ந்தது. உழவரால் வட்டிகூடக் கட்ட முடியவில்லை. முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் செட்டியார் கையிலிருந்த நிலம் 6 சதவீதம். அந்தப் பத்தாண்டின் இறுதியில் 25 சதவீதம். எல்லாம் பத்திரப்படிதான். ஆனால் அந்தப் பத்திரத்துக்குக் காவல் நின்றது அந்நிய ஆட்சி. 1942இல் ஜப்பான் படை வந்ததும் அது பின்வாங்கியது. அதை நம்பியிருந்தவர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஊர் திரும்பினார்கள். 1948இல் பர்மாவில் நில தேசியமயச் சட்டம் வந்தது. 1962இல் படைத்தலைவர் நெ வின்னின் புரட்சிக் குழு ஆட்சியைப் பிடித்து, பின்னர் கடைகளையும் அரசுடைமையாக்கியது.

பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணுவதே வாணிகம் என்கிறது குறளின் நடுவு நிலைமை அதிகாரம். கொள்வதை மிகுதியாகக் கொள்ளாத, கொடுப்பதில் குறை வைக்காத வணிகரைப் பட்டினப்பாலை போற்றுகிறது. சிலப்பதிகாரத்துப் பாண்டியனிடம் ஆணையிடும் அதிகாரம் இருந்தது, நீதி இல்லை. குறள் சொல்வதுபோல் உழவனின் வயலைத் தன் வயலாக நினைத்துப் பார்த்திருந்தால், விளைந்தும் விலைபோகாத ஆண்டில் அதை எழுதி வாங்க மனம் வருமா?

வங்கிகள் எட்டிப்பார்க்காத சேற்று வயலுக்குப் பணம் கொண்டுபோனவர்கள் செட்டியார்கள். அவர்கள் விரும்பியது நிலத்தையல்ல, பணத்தையே. அதுவும் உண்மை. ஒரு காசு வட்டி வாங்காத கூலித் தமிழனையும் 1964இல் பர்மாவிலிருந்து கப்பலேற்றியது கொடுமை.

இதே கடன் கணக்கு இன்று நம் ஊரிலும் உண்டு. ஆரணியில் பட்டு நெசவாளருக்குப் பாவும் சரிகையும் முதலாளி தருகிறார். கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் வாங்கிய முன்பணம் சேலைக்குச் சேலை கூலியில் பிடிக்கப்படுகிறது. கடன் தீராமல் வேறு முதலாளியிடம் போகவும் முடியாது. பட்டு விலை ஏறித் தறி நிற்கும் மாதங்களில் இந்தப் பிடித்தத்தை முதலாளிகள் தாமாகவே நிறுத்திவைக்க வேண்டும். அதற்கு எந்தச் சட்டத்துக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.