எட்டா, பத்தா?

மேடவாக்கம் கூட்ரோட்டில் காலை எட்டு மணிக்கு நின்று பார்ப்பவர்களுக்கு ஒரு காட்சி பழகிப்போனதாகும். கழுத்தில் அடையாள அட்டையும் முதுகில் பையுமாக வாலிபர்கள் கூட்டங்கூட்டமாகப் பெரும்பாக்கம் வழியே சோழிங்கநல்லூர் பக்கம் விரைகிறார்கள். 2000-ஆம் ஆண்டில் தரமணியில் டைடல் பார்க் திறக்கப்பட்டது. அதன் பின்னர் பழைய மகாபலிபுரம் சாலை நெடுகிலும் சிறுசேரி வரை கம்ப்யூட்டர் கம்பெனிகள் எழும்பின. அவற்றை நம்பி இப்பகுதியில் குடியேறிய குடும்பங்கள் ஏராளம். நம் சமுதாயத்துப் பிள்ளைகளும் அக்கூட்டத்தில் இருக்கிறார்கள். அல்ஹம்துலில்லாஹ்!

அத்தகைய பிள்ளை ஒருவர் ஒருநாள் மஃரிப் தொழுகைக்குப் பின் நம்மிடம் வந்து அமர்ந்தார். பொறியியல் மூன்றாம் ஆண்டு படிப்பவர். "ஹஜ்ரத், ஒரு மஸ்அலா கேட்கணும்" என்றார். தொழுகையைப் பற்றியோ வட்டியைப் பற்றியோ கேட்பார் என்றே எண்ணினோம். அவர் கேட்டதோ வேறு.

விடுமுறையில் எட்டு வாரம் ஏதேனும் ஒரு கம்பெனியில் பயிற்சி பெற்றுச் சான்றிதழ் கொண்டுவர வேண்டும் என்பது அவருடைய கல்லூரியின் நிபந்தனை. இன்டர்ன்ஷிப் என்று இதனைச் சொல்கிறார்கள். அவரும் ஒரு கம்பெனியில் சேர்ந்தார். சம்பளம் கிடையாது. முதல் வாரம் உட்கார நாற்காலி தவிர வேறொன்றும் கிடைக்கவில்லையாம். பிறகு ஒரு சாப்ட்வேரை இயக்கிப் பார்த்து, அதிலுள்ள பிழைகளைக் கண்டு பட்டியலிடும் வேலையைக் கொடுத்தார்கள். ஆர்வத்துடன் செய்தார். ஆறாவது வாரத்தில் அந்த வேலை முடிந்துவிட்டது. மேலதிகாரி அவரை அழைத்து, "இனி உனக்குக் கொடுக்க வேலை இல்லை. வீட்டிலிருந்து படி. சான்றிதழில் எட்டு வாரம் என்றே எழுதித் தருகிறேன்" என்று கூறிவிட்டார்.

வீட்டில் சொன்னபோது அவருடைய அத்தா, "அவங்களே மனசார குடுக்கறாங்க. நீ என்ன திருடிட்டா வந்தே?" என்றாராம். துணிக்கடையில் பகலெல்லாம் நின்று உழைத்து மகனைப் படிக்கவைக்கும் தகப்பனார் அவர். அவருடைய பேச்சில் நியாயம் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

உண்மையைச் சொன்னால், நாமும் அவ்வாறே பதில் சொல்ல வாயெடுத்தோம். ஏனெனில், பிக்ஹு நூல்களில் கூலியாட்களை இருவகையாகப் பிரித்திருக்கிறார்கள். தையற்காரரைப் போல் வேலைக்குப் பொறுப்பேற்பவர் ஒருவகை. குறிப்பிட்ட காலத்திற்குத் தம்மையே ஒருவரிடம் ஒப்படைப்பவர் மற்றொரு வகை. இரண்டாம் வகையினர் வேலைக்குத் தயாராக வந்து நின்றாலே கடமை தீர்ந்தது. வேலை கொடுக்காதது முதலாளியின் பாடு. மேலும், முதலாளி தமக்குரிய ஹக்கை விட்டுக்கொடுத்தால் அதுவும் செல்லும். ஆகவே, "அவர் விட்டுக்கொடுத்துவிட்டார் தம்பி, உங்கள்மீது குற்றமில்லை" என்றோம்.

பிள்ளை சற்று நேரம் தலைகுனிந்திருந்தார். பிறகு, "அந்த லெட்டர் எனக்கு எழுதறது இல்லையே ஹஜ்ரத். மேலே 'சம்பந்தப்பட்டவர்களுக்கு'ன்னு தானே போட்டிருக்கு?" என்று கேட்டார்.

வாசக அன்பர்களே! ஆலிம் என்று அழைக்கப்படும் நமக்குத் தோன்றாதது அந்த மாணவருக்குத் தோன்றியது. அந்த அதிகாரி இரண்டு காரியங்களைச் செய்கிறார். இரண்டு வார உழைப்பை வேண்டாம் என்று விடுவது ஒன்று. அது கம்பெனியின் ஹக்கு. அதன் சார்பில் அதனை விட அவருக்கு உரிமை உண்டு. நடக்காத இரண்டு வாரங்களை நடந்ததாகப் பிறருக்கு எழுதிக் கொடுப்பது மற்றொன்று. அதனைப் படித்து நம்பப் போகிறவர் கல்லூரி ஆசிரியர்; நாளை வேலை கொடுக்க இருப்பவர். அவர்களுக்குச் சேர வேண்டிய உண்மையை விட்டுக்கொடுக்க இவர் யார்? கடன் கொடுத்தவர் கடனை மன்னிக்கலாம். ஆனால், வராத பணத்தை வந்ததாக மூன்றாமவரிடம் சாட்சி சொல்ல எவருக்கும் அதிகாரமில்லை.

பெரும் பாவங்களை எண்ணிச் சொல்லிவந்த கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள், சாய்ந்திருந்த நிலையை விட்டு நிமிர்ந்து அமர்ந்து, பொய்ச் சாட்சியத்தைத் திரும்பத் திரும்பக் கூறி எச்சரித்தார்கள் என்று ஸஹீஹான ஹதீஸில் வந்துள்ளது. ஒரு பயிற்சிச் சான்றிதழையும் நீதிமன்றத்தில் சொல்லும் பொய்யையும் ஒரே தட்டில் வைக்க நாம் துணியவில்லை. பாவத்தின் அளவில் வேறுபாடு உண்டு. ஆயினும் இனம் ஒன்றே.

"இதனால் யாருக்கு நஷ்டம்?" என்று கேட்பவர்கள் உண்டு. எட்டு வாரமும் பேருந்தில் தொங்கிச் சென்று வந்த இன்னொரு மாணவர் இருக்கிறாரே, அவருக்குத்தான் நஷ்டம். இருவருடைய தாளிலும் 'எட்டு' என்றே இருக்கும்போது, அவருடைய எட்டுக்கு மதிப்பேது? "கல்லூரியின் விதியே வெறும் சடங்கு" என்பார்கள் வேறு சிலர். அப்படியே இருக்கட்டும். விதி பயனற்றதென்றால் அதைக் கல்லூரியிடம் சொல்லலாம், நிறைவேற்றிவிட்டதாக நடிக்கலாகாது. "சம்பளமில்லாத வேலைக்கு இத்தனை அமானிதமா?" என்றும் கேட்கலாம்.

இதற்கு நபி மூஸா (அலை) அவர்களின் சரித்திரத்தில் அழகான பதில் இருக்கிறது. எகிப்திலிருந்து தப்பி மத்யனுக்கு வந்த அவர்கள், கிணற்றருகே ஒதுங்கி நின்ற இரு பெண்களின் ஆடுகளுக்குத் தண்ணீர் இறைத்துக் கொடுத்தார்கள். கூலி கேட்கவில்லை. நிழலில் ஒதுங்கி, தம் தேவையை ரப்பிடம் மட்டுமே முறையிட்டார்கள். அப்பெண்களில் ஒருவர் தம் தந்தையிடம், இவரைக் கூலிக்கு அமர்த்துங்கள், வலிமையும் நம்பிக்கையும் உள்ளவரே அதற்குச் சிறந்தவர் என்ற கருத்தில் பரிந்துரைத்தார். கூலியில்லாமல் செய்த வேலையில்தான் அவ்விரு குணங்களும் வெளிப்பட்டன என்பதைக் கவனிக்க வேண்டும்.

பின்னர் அந்தப் பெரியவர் தம் மகளை மணமுடித்துத் தருவதாகக் கூறி, எட்டு ஆண்டுகள் வேலை செய்ய வேண்டும், பத்தாக நிறைவு செய்தால் அது உம் விருப்பம் என்றார். மூஸா (அலை) அவர்கள் அதனை ஏற்று, பேசியதற்கு அல்லாஹ்வையே சாட்சியாக்கினார்கள். அல்கஸஸ் அத்தியாயத்தில் இதனைக் காணலாம். எட்டா பத்தா, எதனை நிறைவேற்றினார்கள் என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டபோது, கூடுதலானதையே என்று விடையளித்தார்கள். எட்டோடு நின்றிருந்தாலும் குற்றமில்லை. ஆனால், எட்டைச் செய்து பத்து என்று சொல்லியிருந்தால் என்னாகும்? காலத்தைக் குறைத்துக்கொள்ள இடமிருந்தது. குறைத்ததை மறைக்க இடமில்லை.

நம் முன்னோர்களின் பேணுதலைப் பாருங்கள். ஹிஜ்ரி 303-இல் மறைந்த இமாம் நஸயீ (ரஹ்) அவர்களுக்கும், எகிப்தின் காஜியாக இருந்த ஹாரிஸ் இப்னு மிஸ்கீன் (ரஹ்) அவர்களுக்கும் மனத்தாங்கல் ஏற்பட்டதால், இமாமவர்கள் அந்த மஜ்லிஸில் முன்வந்து அமர இயலாமல், பார்வைக்கு மறைவான இடத்திலிருந்து பாடங்கேட்டார்கள் என அறிஞர்கள் எழுதியுள்ளனர். அந்த ஹதீஸ்களை எழுதும்போது, அவர் எங்களுக்கு அறிவித்தார் என்று எழுதவில்லை. அவர்முன் ஓதப்பட்டபோது நான் கேட்டுக்கொண்டிருந்தேன் என்ற பொருள்படவே எழுதினார்கள். கேட்டது உண்மை, அவர் இவருக்கென்று சொல்லவில்லை என்பதும் உண்மை. ஒரு சொல்லில்கூட கூடுதல் வந்துவிடக் கூடாது என்ற அச்சம் அது.

இதனை எழுதும் நமக்கே வெட்கமாக இருக்கிறது. நாம் ஓதிய காலத்தில், ஃபஜ்ருக்குப் பின் நடந்த ஹதீஸ் பாடத்தில் தூங்கிவழிந்த நாட்கள் பல. உஸ்தாத் அவர்கள் கண்டும் காணாததுபோல் இருந்துவிட்டார்கள். கிதாபை முழுமையாகக் கேட்டதாக நம் ஸனது சொல்கிறது. அதைச் சட்டம் போட்டு வீட்டுச் சுவரில் மாட்டியும் வைத்திருக்கிறோம். அந்தப் பிள்ளை கேள்வி கேட்ட இரவில், நமக்கு அதனை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. விடுபட்ட பாடங்களை இப்போது ஒரு பெரியவரிடம் வாரம் ஒருமுறை சென்று ஓதிக்கொண்டிருக்கிறோம். இன்னும் பாக்கி இருக்கிறது.

அந்தப் பிள்ளையிடம் நம் முந்திய பதிலைத் திரும்பப் பெற்றுக்கொண்டோம். மறுநாள் அவர் அதிகாரியிடம் சென்று, "இரண்டு வாரத்துக்கு ஏதாவது வேலை கொடுங்க சார், இல்லேன்னா ஆறு வாரம்னே எழுதிக்குடுங்க" என்று கேட்டார். அதிகாரி முதலில் சலித்துக்கொண்டார். பிறகு உள்ள தேதிகளையே போட்டுக் கொடுத்தார். மீதி இரண்டு வாரத்தை அடுத்த விடுமுறையில் முடிக்குமாறு கல்லூரியில் கூறிவிட்டார்கள். அந்த விடுமுறையில் கடையில் பகுதிநேர வேலை பார்த்து வீட்டுக்கு உதவ எண்ணியிருந்தார், அது தள்ளிப்போயிற்று. அத்தா சில நாட்கள் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். உண்மை சொன்னதால் உடனே பெரிய வேலை கிடைத்தது என்று எழுத நமக்கும் ஆசைதான். அப்படியொன்றும் நடக்கவில்லை. நடக்காததை எழுதினால், இக்கட்டுரையும் ஒரு பொய்ச் சான்றிதழாகிவிடும்.

நம் வீடுகளில் தொழுகைக்குப் பிள்ளைகளைத் தட்டி எழுப்புகிறோம், நல்ல காரியம். அவர்கள் கொண்டுவரும் தாளில் எழுதியிருப்பது உண்மைதானா என்றும் ஒருமுறை கேட்போமாக. கடையும் கம்பெனியும் நடத்தும் சகோதரர்கள், உறவுக்காரப் பிள்ளை என்பதற்காக வராத நாட்களுக்குக் கையெழுத்திட வேண்டாம். அது அன்பளிப்பன்று, அப்பிள்ளையின் கழுத்தில் கட்டும் சுமையாகும்.

சொன்னதைச் செய்யவும், செய்ததை மட்டும் சொல்லவும் வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தௌஃபீக் செய்வானாக! ஆமீன்.