மண்ணைத் திரும்பப் போடுதல்

அழித்த ஒன்றை அழித்தவனே, அதே இடத்தில், அதே மாதிரி திரும்பச் செய்து வைத்துவிட்டால் அழிவு ரத்தாகிவிடுமா? தத்துவக்காரர்கள் இதைக் கப்பலை வைத்துக் கேட்பார்கள் — பலகை பலகையாக மாற்றப்பட்ட கப்பல் பழைய கப்பல்தானா என்று. நமக்குக் கப்பல் வேண்டாம். நெய்வேலி இருக்கிறது.

1956ல் ஸ்தாபனம் ஏற்பட்டு, 1961ல் பழுப்பு நிலக்கரி முதலில் கண்ணுக்குத் தெரிந்த நாளிலிருந்து அங்கே நடப்பது அடிப்படையில் ஒரே காரியம்தான்: கீழே இருப்பதற்காக மேலே இருப்பதை அகற்றுவது. ஒரு டன் கரிக்கு ஐந்து கன மீட்டருக்கு மேல் மண்ணும் மணற்பாறையும் எடுத்தாக வேண்டும். சக்கரத்தில் வாளிகள் பூட்டிய ராட்சத இயந்திரங்கள் அதைச் செய்கின்றன. கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நீர் மேலே பீறிட்டுவிடாமல் இருக்க, அதை இரவு பகலாக இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். முன்னால் வெட்டுகிற மண்ணைப் பின்னால், கரி எடுத்து முடிந்த பள்ளத்தில் கொட்டி நிரப்புகிறார்கள். முறையாகச் செய்வதென்றால் மேல்மண்ணைத் தனியே எடுத்துவைத்துக் கடைசியில் மேலே பரப்ப வேண்டும். பிறகு செடி, மரம். இதற்கு மீட்பு என்று பெயர். எனக்கு இந்தச் சொல்லின் மேல்தான் சந்தேகம்.

1982ல் ராபர்ட் எலியட் என்ற தத்துவவாதி, இயற்கையைப் போலி செய்வது பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஆஸ்திரேலியாவின் ஃப்ரேசர் தீவில் கனிம மணல் எடுப்பதைப் பற்றிய சர்ச்சை அவர் மனதில் இருந்தது. எடுத்துவிட்டுப் பழையபடியே ஆக்கித் தருகிறோம் என்ற சமாதானத்துக்கு அவருடைய பதில், ஓவியத்தின் நகல் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் அது மூலம் ஆகாது என்பது. ஒரு பொருளின் மதிப்பில் அது எப்படிப் பிறந்தது என்பதும் சேர்த்தி. எழுதுகிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஒரு கவியின் நடையில் எழுதப்பட்ட நல்ல வரியை அந்தக் கவியின் வரியாக நாம் ஒப்புக்கொள்வதில்லை.

ஆனால் எலியட்டை அப்படியே தஞ்சாவூருக்குக் கொண்டுவர முடியாது. அவருடைய வாதம் மனிதன் கை படாத இடத்தைப் பற்றியது. காவிரிப் படுகையில் கை படாத இடம் எங்கே இருக்கிறது? கல்லணையிலிருந்து கடைசி மடை வரை மனிதன் செய்து வைத்தது. போதாக்குறைக்கு, மண்ணே உள்ளூர் மண் இல்லை. மேற்கே மலைகளிலும் மைசூர்ப் பீடபூமியிலும் கரைந்ததை ஆறு சுமந்துவந்து போட்ட வண்டல். இடம் மாற்றிப் போட்ட மண் போலி என்றால் தஞ்சாவூர் ஜில்லா பூராவுமே போலி. 1934ல் மேட்டூர் அணை வந்த பிறகு அந்த வண்டலில் பெரும்பகுதி அணைக்குள்ளேயே தங்கிவிடுகிறது என்பதையும் சேர்த்துக்கொண்டால், மண்ணின் பிறப்புரிமை பற்றிப் பேசுகிற உரிமை நமக்கு எவ்வளவு இருக்கிறது என்று யோசிக்கத்தான் வேண்டும். ‘தாய் மண்’ என்று கவியரங்கத்தில் உருகுகிறவர்கள் இதை யோசிப்பதில்லை.

அப்படியானால் ஆறு போட்ட மண்ணுக்கும் இயந்திரம் போடுகிற மண்ணுக்கும் வித்தியாசம் எதில்? வேகம் என்பது பாதிப் பதில். ஆறு தரம் பிரித்துப் போடுகிறது. மணலை முதலிலும் கரையோரத்திலும் விட்டுவிட்டு, நுண்ணிய களியை வெகுதூரம் கொண்டுபோகிறது. இயந்திரம் எல்லாவற்றையும் கலக்கிவிடுகிறது. தனியே குவித்துவைத்த மேல்மண்ணும் சும்மா இருப்பதில்லை. குவியலின் உள்ளே காற்று போகாது; வேரோடு ஒட்டி வாழும் பூஞ்சைகளும் புழுக்களும் மெல்ல மெல்லச் சாகின்றன. ஆண்டுகள் கழித்துப் பரப்பும்போது மேல்மண்ணின் நிறம் இருக்கிறது, ஜீவன் குறைந்திருக்கிறது.

மறுபாதிப் பதில் நெல்வயலுக்கே உரியது. சேற்றுழவில் மேல்மண் குழம்பிக் கூழாகிறது. ஆனால் உழவு எட்டும் ஆழத்துக்குக் கீழே, கலப்பையும் மாட்டுக் குளம்பும் மனிதக் காலும் ஆண்டுக்காண்டு அழுத்தி அழுத்தி இறுகிப்போன ஒரு தட்டு இருக்கிறது. தண்ணீர் கீழே ஓடிவிடாமல் வயலில் நிற்பது பெரிதும் அதனால்தான். அந்தத் தட்டை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. அதைத் தனியே தோண்டி எடுத்துக் குவித்துவைக்கவும் முடியாது, ஏனென்றால் அதன் இறுக்கம்தான் அது. தோண்டிய கணத்தில் அது வெறும் களிமண் கட்டி. பெயர் தெரியாத எத்தனையோ பேரின் உழைப்பு — அதில் பெரும்பாலானவர்கள் அந்த நிலத்துக்குச் சொந்தக்காரர்களாக ஒருநாளும் இருந்ததில்லை — மண்ணில் விட்டுப்போயிருக்கும் ஒரே எழுத்து அது என்று சொல்லத் தோன்றுகிறது. நிலத்துக்கு விலை பேசும்போது பட்டாதாரருடன் பேசுகிறார்கள். தட்டுக்கு யாருடன் பேசுவது?

இதற்காக மீட்பு என்பதே மோசடி என்று நான் சொல்லவரவில்லை. அமெரிக்காவில் 1977ல் வந்த சட்டம் மேல்மண்ணைத் தனியே எடுத்துவைப்பதைக் கட்டாயமாக்கியது. முதல்தர விவசாய நிலத்துக்குக் கூடுதல் கெடுபிடி வைத்தது. பிணைத் தொகையைப் பிடித்துவைத்தது. ஜெர்மனியில் ரைன் பகுதிச் சுரங்கங்களில் காற்று கொண்டுவந்து சேர்த்த வளமான மண்ணைக் கனமாகப் பரப்பி, குதிரைமசால் விதைத்து வேர்களை உள்ளே இறங்கவிட்டு, சில ஆண்டுகள் கழித்துத்தான் விவசாயிகளிடம் தருகிறார்கள். நெய்வேலியிலும் நிரப்பிய நிலத்தில் மரங்கள் நிற்கின்றன, பயிர் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். இவையெல்லாம் நிஜமான காரியங்கள். ஆனால் ரைன் கரையில் கோதுமைதான் போய்க் கோதுமைதான் வருகிறது. நெல்வயல் இருந்த இடத்தில் தைலமரமோ சவுக்கோ வருவதை எந்த ரீதியில் மீட்பு என்பது? ‘பசுமை’ என்ற வார்த்தை இங்கே செய்கிற தில்லுமுல்லு கொஞ்சமில்லை. தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் பச்சைதான்.

கரியே வேண்டாம் என்று சுலபமாகச் சொல்லிவிடவும் முடியவில்லை. படுகையின் பம்புசெட்டுகளில் ஓடுகிற மின்சாரத்தில் நெய்வேலியும் கலந்திருக்கிறது. என்னைத் தொந்தரவு செய்வது வேறு: திருப்பித் தருவேன் என்ற வாக்குறுதி, எடுக்கும் முன்பே எடுப்பதை மலிவாக்கிவிடுகிறது. பிராயச்சித்தம் முன்கூட்டியே தயாராக இருந்தால் பாவத்துக்கு அது அனுமதிச்சீட்டு ஆகிவிடும்.

2023 ஜூலையில் வளையமாதேவியில், சுரங்க விரிவாக்கத்தை ஒட்டிக் கால்வாய் வெட்ட, கதிர் வந்துகொண்டிருந்த நெல்வயலில் இயந்திரங்கள் இறங்கின. நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டது. சட்டப்படி பயிர்தான் அங்கே அத்துமீறி நின்றது. அறுவடை வரை காத்திருக்க முடியாதா என்ற கேள்வி சென்னை உயர்நீதிமன்றத்திலேயே எழுந்தது. பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் என்று ஆயிற்று. அதே ஆண்டு, தஞ்சாவூர் ஜில்லாவின் வடசேரி உட்பட மூன்று நிலக்கரிப் பகுதிகள் ஏலப் பட்டியலில் வந்து, எதிர்ப்புக்குப் பின் ஏப்ரலில் நீக்கப்பட்டன. 2020லேயே படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் வந்திருந்தும் பட்டியலில் அந்தப் பெயர்கள் ஏறின. வடசேரிக்கு அடியில் கரி இருந்த இடத்தில் இருக்கிறது. மேலே சம்பாவுக்குச் சேறடிக்கும்போது அந்தத் தட்டு இன்னும் கொஞ்சம் இறுகும்.