இரண்டாவது மாங்கனியின் கணக்கு

ஆனிப் பௌர்ணமியில் காரைக்கால் தெருக்களில் மாங்கனி இறைக்கும் விழா, ஒரு வணிகர் வீட்டுக் கணக்கிலிருந்து பிறந்தது. வணிகன் பரமதத்தன் தன் வீட்டுக்கு அனுப்பிய மாங்கனிகள் இரண்டு. ஒன்றை அவன் மனைவி புனிதவதி, பின்னாளில் காரைக்கால் அம்மையார், பசியோடு வந்த சிவனடியாருக்கு இட்டுவிட்டார். மற்றதை உண்ட கணவன் இன்னொன்றும் கேட்க, இறைவனை வேண்டிப் பெற்று இலையில் வைத்தார். சுவை வேறாக இருக்கவே, இது ஏது என்று அவன் கேட்டான். நாம் பெரும்பாலும் அற்புதத்தோடு கதையை முடித்துக்கொள்கிறோம். பெரியபுராணத்தில் சேக்கிழாரோ அடுத்து வந்த தயக்கத்தில் நிற்கிறார்: இறையருளை வெளியே சொல்வது முறையல்ல, கேட்ட கணவனிடம் மறைப்பதும் முறையல்ல. நடந்ததை நடந்தபடியே சொல்வதென்று அம்மையார் முடிவெடுக்கிறார். அடியாருக்குக் கொடுத்தது அறம்தான். அந்த அறம்கூட, பொருள் எங்கே போனது, எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குப் பொய் சொல்ல உரிமை தரவில்லை.

சொந்தமாக கிளினிக் நடத்தும் டாக்டர் வருமான வரிக்குச் செலவு காட்டும்போதும் இந்தக் கேள்விதான் எழுகிறது. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 37-ஆவது பிரிவு, முழுக்க முழுக்கத் தொழிலுக்காகவே செய்த செலவைத்தான் கழிக்க அனுமதித்தது. என்ன வாங்கினாய் என்பதைவிட எதற்காக வாங்கினாய் என்பதே அங்கே கேள்வி. பொருளுக்கு ரசீது உண்டு. நோக்கத்துக்கு யார் ரசீது போட்டுத் தருவார்? ஆகவே செலவுப் பட்டியலின் ஒவ்வொரு வரியும் ஒருவர் தம் மனத்தைப் பற்றித் தரும் சாட்சியம். ஆடிட்டரின் சாமர்த்தியத்துக்கு விட்டுவிடக் கூடிய காரியமாக எனக்கு இது தோன்றவில்லை. இது வாய்மை பற்றியது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. மனிதர் ஒருவர்தானே, அவர் உடலும் பொழுதும் தொழிலுக்கு இவ்வளவு, வீட்டுக்கு இவ்வளவு என்று எப்படிப் பிரியும்? முன்னாள் மத்திய சட்ட அமைச்சரும் மூத்த வழக்கறிஞருமான சாந்தி பூஷண், தம் இதய அறுவைச் சிகிச்சைச் செலவைத் தொழில் செலவாகவே கோரினார். டெல்லி உயர் நீதிமன்றம் 2011-இல் அதை ஏற்கவில்லை. இதயம் உயிர் வாழவே வேண்டியது. வழக்காடுவதற்கென்று தனியே வாய்த்த கருவியல்ல. தீர்ப்பு சரியென்றே படுகிறது. எல்லாம் தொழிலுக்கே என்று வாதிடத் தொடங்கினால் சோறும் தூக்கமும்கூடச் செலவுக் கணக்கில் ஏறிவிடும். பிறகு அந்த மனிதருக்கென்று மிஞ்சும் வாழ்க்கை எது? பிரிக்கக் கடினமான இடத்தில் நேர்மையான பங்கீடு போதும். ஒரே கார் கிளினிக்குக்கும், சனிக்கிழமை குடும்பத்தோடு திருநள்ளாறுக்கும் ஓடுகிறதென்றால், தேய்மானத்திலும் பழுதுச் செலவிலும் தொழிலுக்குரிய பங்கை மட்டும் காட்டச் சட்டமே வழி வைத்திருக்கிறது.

ஏழைகளைக் காசு வாங்காமல் பார்க்கிறேனே, அதற்கு ஈடாக வீட்டுச் செலவு இரண்டைச் சேர்த்தால் என்ன என்பது இன்னும் நுட்பமான வாதம். வாங்காத ஃபீஸுக்கு வரியும் கிடையாது. அதற்கு மேல் ஒரு பொய்ச் செலவை எழுதினால், கொடுத்த தருமத்துக்கு மறைவில் கூலி வாங்கியதாகிவிடும். கணக்கு வைக்கவே சிரமம் என்பவருக்கு 1961 சட்டத்தில் 2016-இல் சேர்க்கப்பட்ட 44ஏடிஏ பிரிவு வழி தந்தது: ஆண்டு வரவு 50 லட்சம் வரை, பின்னாளில் ரொக்கம் 5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் 75 லட்சம் வரை, பாதியை லாபமாகக் காட்டினால் போதும். செலவே ஆகாமல் பாதி கழிவதும் பொய்தானே என்று கேட்கலாம். இல்லை, அந்த மதிப்பீடு சட்டத்தினுடையது, டாக்டர் தம் செலவைப் பற்றி அங்கே எதுவும் சொல்வதில்லை. வரவைத்தான் சொல்கிறார். மேசை இழுப்பறையில் விழும் ரொக்கம் முழுதும் அதில் வந்தாக வேண்டும்.

அரசு பணத்தை வீணாக்குகிறதே என்ற கோபத்துக்குக் காரணங்கள் இருக்கின்றன. அதை வாக்குச்சீட்டிலும் தகவல் அறியும் மனுவிலும் காட்டலாம். பொய்க் கணக்கில் காட்டினால் அரசின் காதில் விழாது. வெளியே தெரியக் கூடாதென்றுதானே அது எழுதப்படுகிறது. வருமான வரி மத்திய அரசு வாங்கும் வரி. 2016-இல் 50 எம்.பி.பி.எஸ். இடங்களோடு காரைக்காலில் தொடங்கிய ஜிப்மர் கல்லூரியும் மத்திய அரசின் பணத்தில் நடப்பதுதான். ஆகவே டாக்டர்களே, இந்த ஆண்டு ஆடிட்டரிடம் ரசீதுப் பையைக் கொடுக்குமுன், வீட்டு ரசீதுகளை நீங்களே பிரித்தெடுத்து வெளியே வையுங்கள்.